கணேசமூர்த்தியின் வளைந்த திரை

கணேசமூர்த்தி மாமா ஆயர் குரோவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சம்பளம் அதற்குத்தான். ஆனால் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது தெரியாது. அவர்களுக்கு அவர் சாவுச் செய்தி போடுகிறவர்.

நியாலாஸ் பக்கத்தில் அவர் பிறந்த எஸ்டேட்டிலிருந்து எல்லாரும் வெளியேறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது ஜாசின், ஆயர் குரோ, சுங்கை ஊடாங் என்று தாமான் என்கிற குடியிருப்புகளில் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் யார் இறந்தாலும் செய்தி போடுவது மாமாதான். யாரும் அவரை நியமிக்கவில்லை. முன்பு ஒருமுறை வேறொருவர் அவசரப்பட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவரைப் போட்டுவிட்டார். அந்த மனிதர் இரண்டு நாள் கழித்துத்தான் இறந்தார். அதிலிருந்து குழுவில் ஒரு பேச்சு: “கணேசன் போட்டாத்தான் சாவு.”

மாமா அதை ஒழுங்காகச் செய்வார். வீட்டுக்காரர்களிடம் பேசாமல் போட மாட்டார். பெயர், எடுக்கும் நேரம், முகவரி மூன்றையும் மூன்று முறை படித்துப் பார்ப்பார். பெயர் என்றால் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பெயர். தோட்டத்தில் ஒருவரை ஒருவர் பட்டப்பெயரில்தான் கூப்பிடுவார்கள் என்றாலும், இறந்த பிறகு ‘நொண்டி’, ‘பூசணி’ என்று போடுவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. அதனால் செய்தியைப் படிக்கிறவர்களுக்குப் பெயரிலிருந்து ஒன்றும் விளங்காது. படத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வார்கள்.

படமும் அவரிடமே இருக்கும். சாவு நடந்த வீட்டில் அன்றைக்கு நல்ல படம் தேடினால் கிடைக்காது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். அதனால் கல்யாண வீடுகளில் அறுபது வயது தாண்டியவர்களை ஒவ்வொருவராகச் சுவரோரம் நிறுத்தி, நேராகப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். அந்தப் படங்களை வைத்திருக்கும் ஆல்பத்துக்கு ‘தயார்’ என்று பெயர். எதற்கு எடுக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். சிலர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். சிலர் அவர் போனை எடுத்தாலே சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

போன வருடம் அவர் மகள் ராகினி புதுப் போன் வாங்கியபோது, தன் பழைய போனில் ‘தயார்’ ஆல்பத்தை ஏற்றி அப்பாவுக்குக் கொடுத்தாள். பழையது என்றாலும் விலை உயர்ந்தது. அதன் திரை இரண்டு ஓரங்களிலும் அருவிபோல் வளைந்து கீழே இறங்கும். மாமா அதைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “இது எதுக்கு வளஞ்சிருக்கு?” என்பதுதான்.

இதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஃபோர்க்லிஃப்டில் காரணம் இல்லாத பாகம் எதுவும் கிடையாது. சரக்கைத் தூக்கும் முள்ளின் நுனி மெலிந்திருப்பது சரக்குப் பலகைக்கு அடியில் நுழைய. கிடங்கு மூலையில் தொங்கும் கண்ணாடி வளைந்திருப்பது அந்தப் பக்கம் வருகிற ஆளைக் காட்ட. அப்படியென்றால் போன் திரை வளைந்திருப்பதற்கும் ஒரு பயன் இருக்க வேண்டும், அது தனக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார்.

முதலில் ஜாசினில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் வாணி அக்காவிடம் கேட்டார்.

“அழகுக்குத்தான் அங்கிள்.”

“வேற ஒன்னும் இல்லயா?”

“போன குப்புறப் போட்டா, கால் வரும்போது ஓரத்துல லைட் எரியும்.”

“நான் எதுக்குக் குப்புறப் போடப்போறேன்?”

“அப்ப ஒங்களுக்கு அழகு மட்டுந்தான் அங்கிள்.”

“அழகு எனக்கு எதுக்கும்மா?”

“போன்தான் ஒங்களுக்கு. அழகு பாக்கறவங்களுக்கு.”

திரைக்கு மேலே ஒட்டும் கண்ணாடி இதற்குச் சரியாக உட்காராது, ஓரம் தூக்கிக்கொண்டே நிற்கும் என்றும் வாணி அக்கா சொன்னார். வேண்டுமென்றால் ஓரத்தை மறைக்கிற மாதிரி தடிமனான உறை ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் பிடிக்கிற கையே திரையில் பட்டுக்கொண்டிருக்கும் என்றார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். பயன் என்னவென்று கண்டுபிடிக்கும் முன்பே அந்த இடத்தை மூடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று மாதம் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வெயிலில் பார்த்தார், ஓரம் பளபளத்து எழுத்து தெரியவில்லை. இடது கையில் பிடித்தால் உள்ளங்கைச் சதை ஓரத்தில் பட்டு, அவர் தொடாத பக்கங்கள் தாமாகத் திறந்தன. அவரோடு வேலை செய்யும் சுரேன் அண்ணன் தினமும் தேநீர் வேளையில் கேட்பார்:

“என்னாண்ணே, வளைவுக்கு வேலை கெடச்சிச்சா?”

“இன்னும் இல்லலா.”

ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் குஞ்சம்மா அவரை அழைத்தார். குஞ்சம்மாவின் கணவர் காளிதாஸ் விடியற்காலையில் இறந்துவிட்டார். வீடு ஜாசினில். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். மின்சுடலையில் அந்த நேரம்தான் கிடைத்தது.

காளிதாஸைத் தோட்டத்தில் எல்லாரும் ‘வெள்ளச்சட்டை’ என்பார்கள். யார் வீட்டில் சாவு என்றாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல், பெட்டியின் முன்பக்கத்து மூலையில் தோள் கொடுப்பார். சுங்கை ஊடாங்குக்கு ஒப்பந்த வேலைக்குப் போன பிறகும் பஸ் ஏறி வந்து தூக்கினார். பத்து வருடங்களுக்கு முன் முழங்கால் போனது. அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. அவரைத் தேடியும் யாரும் வரவில்லை.

“தம்பி, எனக்கு ஒன்னே ஒன்னுதான்,” என்றார் குஞ்சம்மா. “ஆளுங்க வரணும். அவரு எத்தன பேரத் தூக்கியிருக்காரு. இப்ப பெட்டி, வேனு எல்லாம் கொண்டாறவங்க, தூக்கறதுக்கு ஆளும் அவங்களே அனுப்புறாங்களாம். அந்த ஆளுங்க அவரத் தூக்கக் கூடாது. தெரிஞ்சவங்க தூக்கணும்.”

“வருவாங்கக்கா. நான் போடறேன்.”

கிடங்கில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்று காலை ஒரு லாரி சீக்கிரம் வந்துவிட்டதால், பத்தேகால் மணித் தேநீர் வேளையில்தான் அவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. சரக்கு இறக்கும் மேடையில் வெயிலில் நின்று ‘தயார்’ ஆல்பத்தைத் திறந்தார். காளிதாஸின் படத்தை எடுத்தார். எழுதி வைத்திருந்த செய்தியை அதனோடு சேர்த்தார். வழக்கம்போல் பெயர், நேரம், முகவரி மூன்றையும் மூன்று முறை படித்தார். அனுப்பினார். போனை லாக்கரில் வைத்தார்.

நடந்தது என்னவென்றால், ஆல்பத்தில் காளிதாஸின் படத்துக்கு அடுத்தது சிவசாமியின் படம். இரண்டும் காளிதாஸின் முழங்கால் போவதற்கு முன்பு ஒரே கல்யாணத்தில் அடுத்தடுத்து எடுத்தவை. இடது உள்ளங்கை ஓரத்தில் பட்டு, படம் ஒன்று நகர்ந்துவிட்டது. வெயிலில் மாமாவுக்கு ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு தலையும் தெரிந்தன. எல்லாப் படத்திலும் அவைதான் தெரியும்.

சிவசாமி உயிரோடு இருக்கிறார். நியாலாஸில் வீடு. ஒரு காலத்தில் எஸ்டேட் லாரி ஓட்டியவர். எல்லாருக்கும் அவர் ‘டிரைவர்’. எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவர், எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வண்டி எடுத்துக்கொண்டு வந்தவர். படத்தைப் பார்த்தவர்கள், “ஐயோ, நம்ம டிரைவர்!” என்றார்கள். கீழே காளிதாஸ் என்று இருப்பதைப் பார்த்த சிலர், ஓ, டிரைவருக்கு ஐசியில் காளிதாஸ் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். முகவரி ஜாசின் என்றிருப்பதைப் பார்த்த மிகச் சிலர், அது மகன் வீடாக இருக்கும், நாம் முதலில் டிரைவர் வீட்டுக்குப் போவோம் என்று முடிவு செய்தார்கள். மற்றவர்கள் படத்துக்குக் கீழே எதையும் படிக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மாமா லாக்கரைத் திறந்தபோது பத்தொன்பது அழைப்புகள் தவறியிருந்தன. குழுவில் நூற்றுக்கு மேல் கும்பிடு கைகள். பாக்கியலட்சுமி என்ற பெயரில் ஒரு குரல் பதிவு. அவர் சிவசாமியின் மனைவி. ஆனால் பேசியது சிவசாமி.

“டேய் கணேசா, நான் செத்துட்டேன்னு வந்து ஒக்காந்திருக்காங்கடா. எத்தன மணிக்கு எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க. நான் என்னா சொல்லட்டும்?”

மாமா படத்தைப் பார்த்தார். பிறகு குஞ்சம்மாவை அழைத்தார்.

“அக்கா, எத்தன பேரு வந்திருக்காங்க?”

“ஒம்போது பேரு தம்பி.”

“ஒம்போதா?”

“அதுல நாலு பேரு வேன்காரங்க.”

அவர் சரியான படத்தை உடனே குழுவில் போட்டு, முன்பு போனது தவறு என்று எழுதினார். ஐந்து நிமிடத்தில் அதற்கும் முப்பத்தொரு கும்பிடு கைகள் வந்தன. ஒருவர், “ஒரே நாளில் இருவர்! ஈடு செய்ய முடியாத இழப்பு” என்று எழுதியிருந்தார்.

இனி எழுதிப் பயனில்லை என்று மாமாவுக்குத் தெரிந்தது. அரைநாள் லீவு கேட்டார்.

சுரேன் அண்ணன், “யாருண்ணே செத்தது?” என்றார்.

“செத்தவரு ஜாசின்ல இருக்காரு. கூட்டம் நியாலாஸ்ல இருக்குது.”

விவரம் கேட்டுவிட்டு சுரேன் அண்ணன் சற்று நேரம் போனையே பார்த்தார். “வளைவுக்கு வேலை கெடச்சிருச்சு போலருக்கு,” என்றார். மாமா காரை எடுத்தார்.

நியாலாஸ் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. சிவசாமி வீட்டுச் சாலையில் இரண்டு பக்கமும் கார்கள். வாசலில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முதலில் வந்தவர்கள் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். திலகா அக்கா வேலிக்கு வெளியிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு உள்ளே வர, மீன் கழுவிக்கொண்டிருந்த சிவசாமி, “யாரும்மா செத்தது?” என்று கேட்டிருக்கிறார். அவரைப் பார்த்ததும் திலகா அக்கா அலறிவிட்டார். பிறகு வந்தவர்களுக்குத் திலகா அக்காவே வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி, அழுகையை நிறுத்தி உள்ளே அனுப்பினார். வந்தவர்கள் போகவில்லை. பாக்கியலட்சுமி அத்தை மைலோ கலக்கிக் கொடுத்தார். பல வருடம் பார்க்காதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல கல்யாண வீடு மாதிரி இருந்தது என்று மாமா சொன்னார்.

சிவசாமி நாற்காலியில் நடுவில் உட்கார்ந்திருந்தார். “வாடா. நான் செத்ததுக்கு நீதான் கடைசி.”

“அண்ணே, மன்னிச்சிருங்க. கை பட்டு...”

“அது கெடக்கட்டும். தனபாலன் எனக்கு வாங்கிட்டு வந்த மாலையப் பாத்தியா? இவ்ளோ சின்னது. முப்பது வருசமா அவன ஓசியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன்.”

“கடையில அதுதாண்ணே பெருசு,” என்றார் தனபாலன்.

மாமா வாசலில் நின்று எல்லாரையும் பார்த்துப் பேசினார். இறந்தது டிரைவர் இல்லை, வெள்ளச்சட்டை. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அங்கே தூக்க ஆள் இல்லை. இப்போது கிளம்பினால் போய்விடலாம்.

எல்லாரும், “அடடா, வெள்ளச்சட்டையா? பாவம்,” என்றார்கள். பலர் கை கூப்பினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

“எம்மவன ஸ்கூல்லேர்ந்து ஏத்தணும்,” என்றார் ஒருவர்.

“ஒரே நாள்ல ரெண்டு சாவுன்னா ஒடம்பு தாங்காதுலா,” என்றார் இன்னொருவர்.

“இங்க ஒரு சாவும் இல்லயே,” என்றார் மாமா.

“வந்த அலைச்சல் வந்த அலைச்சல்தானே?”

தனபாலன் உண்மையைச் சொன்னார். “தப்பா நெனைக்காதீங்க கணேசண்ணே. நான் டிரைவருக்குன்னுதான் லீவு எடுத்தேன். வெள்ளச்சட்டைக்குன்னா மெசேஜ் போட்டிருப்பேன்.”

மணி இரண்டு ஐந்து. பேசி ஆளைக் கிளப்பி மாமாவுக்குப் பழக்கமில்லை. எழுதித்தான் பழக்கம்.

அப்போது பாக்கியலட்சுமி அத்தை காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “போறவங்க போங்க. ஆனா ஒன்னு. சாவுக்குன்னு வீட்ட விட்டுக் கெளம்புன காலு, சாவு வீட்ட மிதிக்காம திரும்பக் கூடாது.”

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மிதிக்காம நேரா வீட்டுக்குப் போனா என்னாவாம்?” என்றார் திலகா அக்கா.

“கெளம்புனது கெளம்புனதுதானே. எங்கயாச்சும் ஒரு எடத்துல எறக்கி வைக்கணும். இல்லன்னா கூடவே வீட்டுக்கு வரும்.”

“யாரு சொன்னா அப்படி?”

“எங்க அம்மா சொல்லும்.”

முதலில் தனபாலன் எழுந்து மாலையை எடுத்தார். மகனைப் பள்ளியிலிருந்து ஏற்ற வேண்டியவர் யாருக்கோ போன் போட்டு ஏற்றச் சொன்னார். பத்து நிமிடத்தில் வாசலில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

(பாக்கியலட்சுமி அத்தையின் அம்மாவுக்கு அப்படி ஒரு சாஸ்திரமும் தெரியாதாம். அவர் சீனர் கடையில் பாத்திரம் கழுவியவர். இதை அத்தையே பின்னால் என்னிடம் சொன்னார். ஆனால் அன்று வந்தவர்களில் சிலர் இப்போது மற்றவர்களுக்கும் அந்த விதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.)

சிவசாமி மாமாவின் காரில் ஏறினார். வழியில் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“இதுதான் என்னக் கொன்னதா?”

“ஆமாண்ணே.”

“ஓரம் எதுக்குடா வளஞ்சிருக்கு?”

“தெரியலண்ணே. மூணு மாசமாப் பாக்கறேன்.”

சிவசாமி அதைத் திருப்பிப் பிடித்தார். உடனே திலகா அக்காவுக்கு வீடியோ அழைப்பு போய்விட்டது. முன்னால் போன காரிலிருந்து அதை எடுத்த திலகா அக்கா, திரையில் சிவசாமியின் முகத்தைப் பார்த்ததும் இரண்டாவது முறையாக அலறினார்.

காளிதாஸ் வீட்டுக்கு அவர்கள் போனபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. வேன்காரர்கள் நால்வரும் கையுறை போட்டுக்கொண்டு பெட்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். குஞ்சம்மா அவர்களிடம், “இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் தம்பி,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையாவது ஐந்து நிமிடம் அது என்று தெரியவில்லை. முதல் கார் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு கார்கள் வந்துகொண்டே இருந்தன. இடம் போதாமல், எதிர்வீட்டு மலாய்க்காரர் தன் காரை எடுத்து வேறு தெருவில் நிறுத்திவிட்டு வந்தார்.

சிவசாமி உள்ளே போனார். வாய்க்கரிசி போட்டார். பிறகு வேன்காரர்களைப் பார்த்து, “நீங்க அப்படி ஒக்காருங்கப்பா,” என்றார். பெட்டியின் முன்பக்கத்து வலது மூலைக்குப் போய் நின்றார். இடது மூலைக்குத் தனபாலனும் இன்னொருவரும் போட்டி போட்டார்கள்.

“நான் மொதல்ல வந்தேன்.”

“மெசேஜ்தானே போடுறேன்னீங்க?”

வாசலிலிருந்து வேன் வரை இருபது அடிதான் இருக்கும். அதற்குள் இருபத்து நான்கு பேர் தோள் மாற்றினார்கள். அதனால் அந்த இருபது அடியைக் கடக்க வெகு நேரம் ஆனது. மின்சுடலைக்குத் தாமதமாகிறது என்று வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். யாரும் அவசரப்படவில்லை. மாமாவும் கடைசி மூன்று அடி தூக்கினார்.

மின்சுடலையிலிருந்து திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு நின்றபோது, குஞ்சம்மா மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தம்பி, இத்தன பேரா அவர ஞாபகம் வச்சிருந்தாங்க?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாத ஒன்றை, நடக்காத ஒன்றை அவர் இதுவரை குழுவில் போட்டதில்லை. அன்று காலை ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. மறுபடி செய்ய அவருக்கு மனமில்லை. போன் வளைந்திருப்பது, கை பட்டது, சிவசாமி படம் போனது, நியாலாஸில் மைலோ குடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். போனைக் காட்டினார்.

குஞ்சம்மா அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒழுங்கா அவரு படமே போயிருந்தா எத்தன பேரு வந்திருப்பாங்க?”

மாமா எழுந்திருக்கப் பார்த்தார்.

“சொல்லு தம்பி. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்.”

“ஒரு பத்து பேருக்கா.”

“வேன்காரங்களையும் சேத்தா?”

“சேத்து.”

குஞ்சம்மா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பதினாறாம் நாள் கருமாதி இருக்குது. சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, அறுபது பேருக்கு. அதுக்கும் சிவசாமி படத்தையே போட்டுரு தம்பி.”

யோசித்துச் சொல்வதாக மாமா சொன்னார்.